மாநிலச் சட்டத்தில் ஒரு வரி

என் அண்ணன் ஹோபர்ட் சுரங்கத் தொழிலாளி பெற்ற பிள்ளை. படித்துப் படித்தே பெரிய நகரத்தில் சட்டப் பேராசிரியர் ஆனார். வாழ்நாளெல்லாம் அவர் எழுதியது ஒரே விஷயம்தான்: யாரையும் அடிக்காத, சுடாத ஒருவன், தண்டனை முடிந்து வந்த பிறகும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது என்ன நியாயம்?

அந்த ஒருவன் என் வீட்டுக்காரர் டென்சில். கல்யாணத்துக்கு முன்னால், மூடிக் கிடந்த சுரங்கத்தில் செம்புக் கம்பி அறுத்து மாட்டிக்கொண்டு, சிறை போய் வந்தவர். மான் வேட்டை தொடங்கும் நாளில் எங்கள் மலையில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஆண்களெல்லாம் காட்டில் இருப்பார்கள்; இவர் என்னோடு உருளைக்கிழங்கு உரிப்பார்.

"என்ன டென்சில், இன்னைக்கு எத்தனை கிழங்கைச் சுட்டே?" என்பான் காட்டிலிருந்து திரும்பும் பக்கத்து வீட்டுக்காரன். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருடம் நவம்பர்க் கடைசியில், நன்றி நாள் பண்டிகை விருந்தில், வான்கோழியை அறுத்தபடியே டென்சில் அண்ணனிடம் கேட்டார்.

"மச்சான், குழல் வாயில வெடிமருந்தைக் கொட்டி இடிச்சுச் சுடுவாங்களே, அந்தப் பழைய மாதிரித் துப்பாக்கி. அதை நான் தொடலாமா?"

"தாராளமா. சட்டத்துல அது துப்பாக்கியே இல்ல."

"நெசமாவா?"

"அட, என்கிட்டயே கேக்குறீங்களா மாப்பிள்ளை!"

அண்ணன் சொன்னது நாடு முழுமைக்குமான சட்டம். எங்கள் மாநிலச் சட்டத்தில் அதுவும் துப்பாக்கிதான். பெரிய சட்டத்திலேயே மூழ்கிக் கிடந்த மனிதருக்குப் பிறந்த ஊரின் சட்டத்தில் ஒரு வரி கண்ணில் படவில்லை.

டிசம்பரில் டென்சில் அப்படி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். வனக் காவலர் வழிமறித்தபோது ஒளியக்கூட இல்லையாம். "இது துப்பாக்கி இல்ல சார். என் மச்சான் சட்டப் பேராசிரியர்" என்று பெருமையாக நீட்டிக் காட்டினாராம். அட வெள்ளந்தி மனுஷா!

வழக்கில் அண்ணன் சாட்சிக் கூண்டேறி, தப்பு என்னுடையது என்று கெஞ்சினார். "உங்க புத்தகத்தைப் படிச்சிருக்கேன். நல்ல புத்தகம். அதை வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாதே" என்றார் நீதிபதி. டென்சிலுக்கு இரண்டு வருடம் போட்டார்.

பல வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்துத் தூசி ஏறிய அவர் நுரையீரல், சிறைக் குளிரைத் தாங்கவில்லை. பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே சொன்னார்: "மச்சானை ஏதும் பேசிடாதே. மான் எவ்வளவு கிட்ட வந்துச்சு தெரியுமா? சுட மனசே வரல, பாத்துக்கிட்டே நின்னேன்." இரண்டாவது குளிர்காலத்தில் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் வேலையை விட்டுவிட்டு மாநிலச் சட்டமன்ற வாசலிலேயே பழியாய்க் கிடந்தார். வருவோர் போவோரிடமெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியே பேசினார். போன வசந்தத்தில் ஒருநாள் என் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மாத்திட்டாங்கம்மா. இனிமே நம்ம மாநிலத்துலயும் அது துப்பாக்கி இல்ல."

நல்ல காரியம்தான். எத்தனையோ பேர் தப்பிப்பார்கள். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதான் அவருகிட்ட அன்னைக்கே சொல்லிட்டியேண்ணே."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் அழுத அழுகையை, எங்கள் அப்பா சாவில்கூட நான் பார்த்ததில்லை.