நான் மறைத்த தண்ணீர்

ஊசிக்காதில் நூல் கோக்க முடியாமல் போன அன்றுதான் நிஜமாகவே பயந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுப்பகுதி, ஈஸ்டர் முடிந்த வாரம். மலேசியாவில், ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போ ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இரத்த அழுத்தம் மட்டும் இறங்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். தலை பிளந்தது. கண்முன் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

"இப்படியே போனா பக்கவாதம் வந்துரும்மா" என்றார் டாக்டர்.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு இன்னும் தலைவாரிக்கொள்ளத் தெரியாது.

சபையார் எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். நானும் அழுதேன். ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.

என் கணவர் அருள்தாஸ் சுங்கை சிப்புட்டுக்கு லாரி ஓட்டுபவர். காலையில் கிளம்பும் முன், நான் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீரை ஒரு போத்தலில் அளந்து ஊற்றிவிட்டுப் போவார். நான் அதையும் குடித்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த குழாயிலும் குடிப்பேன். மத்தியானச் சோறு கருவாடு இல்லாமல் உள்ளே போகாது. தின்றால் தாகம் அடங்காது. எடை ஏறும். "பசி நல்லா எடுக்குது மிஸ்ஸி, சதை போடுது" என்று நர்ஸிடம் சொல்வேன். அதை நம்பி, எனக்கு இருக்கவேண்டிய எடையையே உயர்த்தி எழுதிவிட்டார்கள். அந்த எடை வரும்வரைதான் இயந்திரம் தண்ணீரை எடுக்கும்; அதனால் உடம்பில் தேங்கிய தண்ணீர் முழுவதும் வெளியேறாமலே இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்து வந்து படுத்தேன். மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்து, "ஆண்டவரே, இந்த அழுத்தத்தை இறக்கும்" என்று ஆரம்பித்தேன். எனக்கு வைத்தியம் பார்க்கிறவர்களை ஏமாற்றிக்கொண்டே இதைக் கேட்கிறேனே என்று நெஞ்சு சுட்டது. "உண்மையைச் சொல்ல எனக்குப் பெலன் தாரும்." அவ்வளவுதான் ஜெபித்தேன்.

கணவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"தெனமும் அளந்து வச்சேனே, ஸ்டெல்லா."

அந்த ஒரு வார்த்தை என்னை நொறுக்கியது. பிறகு, "எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

நுரையீரல் வரை தண்ணீர் ஏறியிருந்தது. அன்றே இயந்திரத்தில் போட்டார்கள். நான் தலை குனிந்து எல்லாம் சொன்னபோது மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு உள்ள போனா தண்ணி கேக்கத்தான் செய்யும்லா அக்கா. மொதல்ல கருவாட்ட விடுங்க. தாகம் கொறையும், பிரஷரும் கொறையும்."

அழுத்தம் உடனே இறங்கிவிடவில்லை. ஒவ்வொரு டயாலிசிஸிலும் கூடுதலாகத் தண்ணீரை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் குறைத்தார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். முதல் வாரம் மாற்றமில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. காலம் கடந்துவிட்டதோ என்று நடுங்கினேன். ஒரு காலை, மிஸ்ஸி அழுத்தம் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். என் உயிரே என்னிடம் இல்லை.

"எறங்கியிருக்கு அக்கா" என்றார்.

அங்கேயே அழுதேன். டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். பார்வையும் மெல்லத் தெளிந்தது. நோய் போகவில்லை; இன்றும் டயாலிசிஸுக்குப் போகிறேன். ஆனால் ஒளிந்து தண்ணீர் குடித்த அந்த ஸ்டெல்லா இப்போது இல்லை.

என்னைக் கைவிடாத ஆண்டவருக்கு நன்றி. சுகம் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்களே, மருத்துவரிடம் எதையாவது மறைக்கிறீர்களா? அதைச் சொல்லும் தைரியத்தை முதலில் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.