ரத்தத்தில் தெரியாத நோவு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். உடுமலைப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எனக்கு ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அண்ணனும் தேங்காய் உரிக்கப் போகிறவர்கள். நட்டுவைத்த கம்பியில் குத்தி மூன்றே திருப்பில் மட்டையைக் கழற்றிவிடுவார் அண்ணன். களத்தில் அவருக்கு ஈடு கிடையாது.

அந்த அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோனார். விடியும் முன்பே விழித்து, கூரையைப் பார்த்தபடி கிடப்பார். சோறு இறங்கவில்லை. பிறகு வேலைக்குப் போவதும் நின்றது. "கை காலெல்லாம் ஈயத்தக் காய்ச்சி ஊத்துனாப்பல இருக்குது" என்பார். கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றார் அண்ணி.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "எதுக்குங்க அண்ணி? நானே பாத்துச் சொல்லீர்றேன்" என்று அண்ணனை அழைத்துப்போய் என் கையாலேயே ரத்தம் எடுத்தேன். சர்க்கரை, தைராய்டு, ஈரல், சிறுநீரகம், எதையும் விடவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தன. சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து ரிப்போர்ட்டை வரிவரியாக வாசித்து, "அண்ணனுக்கு ஒரு நோவும் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னேன். அன்றைக்கு என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "படிச்ச பையனே சொல்லிப்போட்டான், அப்பறம் என்ன? மாப்பிள்ளையாட்டப் படுத்துக் கெடந்தா மட்டை தானா உரியுமா?"

அண்ணி அதன்பின் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நோவு ஒண்ணுமே இல்லியா தம்பி? அப்ப இது நாந்தானா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், அண்ணி அழுதுகொண்டே போன் செய்தார். அண்ணன் செருப்பும் போடாமல், செல்போனையும் வைத்துவிட்டு எங்கோ போய்விட்டாராம். வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக, தோப்புத் தோப்பாகத் தேடினேன். கடைசியில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவர், ஆடு மேய்க்கிறவர், அண்ணன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார்.

"ஏனுங்க, உங்க அண்ணனுங்களா? இவரு தண்ணியப் பாத்துட்டு நின்ன விதம் எனக்குச் சரியாப் படலீங்க. அதான் பேச்சுக் குடுத்துட்டே இருக்கறேன். ஆடெல்லாம் சோளக்காட்டுக்குள்ள பூந்துருச்சு, காட்டுக்காரரு கத்தறாரு. கத்தட்டுமுங்க."

மறுநாளே அண்ணனை அழைத்துக்கொண்டு அப்பா, அண்ணி, நான் எல்லோரும் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். தைராய்டு, ரத்தசோகை இல்லை என்று தெரிந்துகொள்ள இது தேவைதான், ஆனால் மனச்சோர்வு இதில் தெரியாது என்றார். மூளை செய்திகளைக் கடத்தும் விதத்தில், தூக்கத்தில், பசியில் எல்லாம் மாற்றம் வருமாம். உடம்பு, பரம்பரை, வாழ்க்கை நெருக்கடி எல்லாம் சேர்ந்து வரும் நோய், சோம்பல் இல்லை என்று நிதானமாகச் சொன்னார்.

அண்ணன், "அப்ப நெசமாவே நோவுதானுங்களா?" என்று கேட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருவர் அப்படி ஆறுதலடைந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். அப்பா சொன்னார்: "என்ற தம்பி இப்படித்தானுங்க கெடந்தான். நாங்க அவனை அடிச்சு எழுப்புனோமுங்க."

சித்தப்பா என்று ஒருவர் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. அவர் என்ன ஆனார் என்று மருத்துவரும் கேட்கவில்லை, நானும் இன்றுவரை கேட்கவில்லை.

அண்ணன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், பாதி நாள் களத்துக்கும் போகிறார். சில நாட்கள் பழையபடி படுத்துவிடுகிறார், அப்போது வீட்டில் யாரும் ஏசுவதில்லை. நான் ரத்தம் எடுத்ததிலும் சோதித்ததிலும் பிழை ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதுதான் பிழை. நான் சொன்னதைத் தவறு என்று சொல்லும் அளவுக்குப் படித்தவர் எங்கள் வீட்டில் இன்னொருவர் இல்லை என்பது, பெருமையாக இருந்த காலம் போய், எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.