மக்கள் பாவம்

மாட்டுப்பட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். எனக்கிருந்த ஒரே கிறுக்கு, வரப்போகும் கொடுங்காலத்தைப் பற்றிய நாவல்கள். எதைப் பிரித்தாலும் அதில் ஓர் அரசாங்கம் இருக்கும். மனிதன் நல்லவன் என்று முதலில் நம்பும். அப்புறம், நல்லவன்தான், விவரம் போதாது என்னும். கடைசியில் அவன் மிருகம் என்று முடிவு கட்டிக் கூண்டு செய்யும். மனிதன் என்னவோ முதல் பக்கத்தில் பார்த்த அதே ஆள்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அவசரநிலை வந்ததும் அந்த ஆத்திரம் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து புழுங்கியது. டீக்கடையில் எதையோ பேசிய பக்கத்து வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவர் அப்புறம் டீக்கடைப் பக்கமே போகவில்லை. எனக்கோ வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடும் போகும். மனைவி நிறைமாதம். அப்படியும் கை சும்மா இருக்காமல், கோயில் விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன்.

அரசன் என்று எழுதப் பயந்து ‘பெரியவர்’ என்று வைத்தேன். பெரியவர் முதல் காட்சியில், “என் மக்கள் நல்லவர்கள்” என்று எல்லாக் கதவிலும் பூட்டை எடுத்துவிடுவார். அடுத்ததில், “என் மக்களுக்கு விவரம் போதாது” என்று வீட்டுக்கு வீடு ஒரு காவலாளை வைப்பார். பிறகு, “என் மக்கள் கெட்டவர்கள்” என்று கதவுகளை வெளியிலிருந்து பூட்டுவார். முடிவில் மக்கள் பூட்டை உடைப்பார்கள்.

நாடகம் போட போலீஸ் அனுமதி வேண்டும். இன்ஸ்பெக்டர் கோட்டயம் பக்கமிருந்து புதிதாக வந்த மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது. என்னையே வாசிக்கச் சொன்னார். ‘மக்கள்’ வரும் இடமெல்லாம் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். அவரோ தலையாட்டி ரசித்தார்.

“பாவம் மக்கள்! எனிக்கும் உண்டு ரெண்டு மக்கள். பயங்கரக் குறும்பு!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் மக்கள் என்றால் பெற்ற பிள்ளைகள். பிள்ளைகளை அடக்கத் தெரியாத ஒரு தகப்பனின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார் மனுஷர். கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டேன்.

முடிவு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“எடோ, பூட்டு பொளிக்கண்டா. அச்சன் பூட்டியது மக்களோட நன்மைக்கல்லே? அவர் நன்றி பறயட்டே.”

அப்பன் பூட்டியது பிள்ளைகளின் நன்மைக்குத்தானாம்; பூட்டை உடைக்கக் கூடாது, மக்கள் நன்றி சொல்ல வேண்டும். இவர்கள் பிள்ளைகள் இல்லை சார் என்று சொன்னால் நான் உள்ளே. சொல்லாவிட்டால் நாடகமே அரசாங்கத்தின் நாடகம். அவர் எதிரிலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

விழாவன்று, பூட்டிய கதவுக்குள்ளிருந்து மக்கள் பெரியவருக்கு நன்றி சொன்னார்கள். யாராவது சிரிப்பார்கள், யாருக்காவது புரியும் என்று காத்திருந்தேன். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் கைதட்டினார், பின்னால் எஸ்டேட்டே தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மெல்லச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கத நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பெரியவரு சொன்னதுல என்ன தப்புங்கேன்? நம்ம சனத்த அவுத்து வுட்டா உருப்படுமா? பூட்டித்தான் வைக்கணும்.”

அது நான் எழுதிய முடிவில்லையடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. லயத்துச் சுவர் மெல்லிசு. ஆமாம் என்று தலையாட்டினேன்.