கழுவாத வாளி

கணவரின் முட்டிவலிக்காக எங்கள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெந்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம். கிருமி போக பிளீச்சும், காரத்தன்மை குறைய வினிகரும் தனித்தனியாக விட்டு அதன் தண்ணீரை நான்தான் பார்த்துக்கொள்வேன். அன்று மகன் அவரைத் தொட்டியில் இறக்கிவிட்டு பாலம் தாண்டி அக்கரையிலுள்ள ஜுருவுக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் பக்கத்தில் நின்று, பிளீச் மிச்சமிருந்த வாளியிலேயே வினிகரை ஊற்றிவிட்டேன்.

இரண்டும் கலந்து குப்பென்று நச்சு நெடி கிளம்பியது. இருவருக்கும் மூச்சு முட்டியது. அவரால் தானாக எழ முடியாது. கண்ணெரிச்சலோடு அவரைப் பிடித்து இழுத்தேன், அசைக்க முடியவில்லை. அழுதுகொண்டே மறுபடியும் இழுத்தேன்.

"என்னை விடு லா. வாளியத் தூக்கி வெளிய வை," என்றார் இருமலுக்கு நடுவே.

அது எனக்குத் தோன்றவே இல்லை. வாளியை வெளியே வைத்துக் கதவு, சன்னலையெல்லாம் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது இரண்டுக்கும் தனித்தனி வாளி. தொட்டியில் அவர் இருக்கும்போது எதையும் ஊற்றுவதில்லை. மகன் வீட்டில் இருந்தால்தான் அவரை இறக்குகிறோம். என்னால் இன்னும் அவரைத் தூக்க முடியாது.