பூக்கல் பதித்த உரத்தொட்டி

புளித்த கஞ்சியும் அழுகிய முட்டைக்கோசும் ஒன்றாக ஊறினால் ஒரு நாற்றம் வருமே, அது எந்தத் தெருவில் மூக்கில் ஏறினாலும் எனக்குச் சித்தப்பாவின் முகம்தான் முன்னால் வந்து நிற்கும்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் எல்லோரையும் வீட்டில் ஓர் உரத்தொட்டி கட்டச் சொன்னார். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, நான் கேட்கும் முன்பே கரண்டியும் சாந்துச் சட்டியுமாக எங்கள் காரைக்குடி வீட்டுக் கொல்லையில் வந்து நின்றார். அவர் என்றால் எனக்கு உயிர். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி நாலு பக்கமும் சுவர் எழுப்பினோம். அடியில் வெறும் மண்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருந்ததை அவருக்குப் படித்தும் காட்டினேன்.

"நம்ம ஊருல தரை போடாம ஒண்ணக் கட்டுவாகளா ஆத்தா? பாக்குறவுக சிரிப்பாக" என்றவர், பட்டறையில் கழித்துப் போட்ட, ஓரம் உடைந்த ‘பூக்கல்’ எனும் பூப்போட்ட தரைக்கல் பன்னிரண்டைக் கொண்டுவந்து பதித்து, கீழ்வரிசை இடைவெளிகளையும் சிமெண்டால் அடைத்து, போதாததற்குத் தேங்காயெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தும் விட்டார். எங்கள் கூடத்தில்கூட அப்படியொரு தரை இல்லை.

"நாத்தம் வந்துச்சு, அன்னைக்கே இடிச்சிருவேன்" என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள்.

ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கி, கொட்டிய கஞ்சியும் முட்டைக்கோசும் அழுகி நாறி, புழு நெளிய ஆரம்பித்த அதே வாரத்தில், சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் காளையார்கோவிலிலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொல்லையில என்னத்தப் போட்டு வச்சிருக்கீக? தண்ணி போக வழியில்லாம யாரு இதக் கட்டுனது?" என்றார்.

"சின்னப்புள்ள வேலைங்க. தரை போடாதன்னு அப்பவே சொன்னேன், கேக்கல" என்றார் சித்தப்பா, என் முகத்தைப் பார்க்காமலே.

கையிலிருந்த காப்பித் தட்டைப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினேன். வந்தவர்கள் கிளம்பியதும் அம்மா என் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துத் தொட்டியை இடித்தாள். நான் உள்ளதைச் சொன்னபோது, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாக? பேசாம இரு" என்று வாயை அடைத்துவிட்டாள். அந்த ஆயிரத்தில் ஒன்று என் தலையில்தானா விழ வேண்டும்? ராத்திரி சாப்பிடாமல் கிடந்த என்னிடம் சித்தப்பா வந்து, "கல்யாணம் முடியட்டும் ஆத்தா, நானே எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிருறேன்" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். நான் நம்பினேன்.

கல்யாணம் முடிந்தது, அவர் சொல்லவில்லை. "இவ கட்டுன தொட்டி இருக்கே" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொந்தபந்தம் சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் கொல்லையில் இப்போது கார் நிற்கிறது. பூக்கல்லில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. போன மாதம் என் வீட்டில் மகளுக்காக, அடியில் மண் தெரிய ஒரு தொட்டி கட்டினேன். பார்க்க வந்த சித்தப்பா, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் மகளிடம் சொன்னார்: "இப்பத்தான் சரியாக் கட்டியிருக்கா ஒங்கம்மா. தரை போடாதன்னு அன்னைக்குத் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?"

அவர் கண்ணில் கள்ளம் துளியும் இல்லை; அந்தப் பொய்யை அவரே நம்பிவிட்டிருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.