மண்ணெண்ணெய் ஊற்றிய துளைகள்

முழங்கை மடிப்பில் ஊறிய வேர்வையை யாரோ ஈர நூலால் தொட்டுத் தொட்டு எடுப்பது போலிருக்கும்; குனிந்து பார்த்தால் பச்சையாக மினுங்கும் ஒரு சின்னத் தேனீ. சரவணைக் கிராமத்தில் எங்கள் கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு நடக்கும் நேரமெல்லாம் வந்துவிடும் அதை நாங்கள் 'வேர்வைப் பூச்சி' என்போம். கத்தரிப்பூவில் தொங்கியபடி அது உடம்பை நடுக்கும்போது 'விர்' என்று கேட்கும் சத்தத்துக்காகவே அக்கா வரம்பில் குந்தியிருப்பாள்.

எனக்குப் பத்து வயதில் அதிலொன்று சட்டைக் கழுத்துக்குள் அகப்பட்டுக் கொட்டிவிட்டது. வலி பெரிதில்லை, கோபம்தான் பெரிது. கிணற்றடியின் இறுகிய மண்ணில் துளையிட்டு அவை குடியிருப்பது தெரியும். குசினி அடுப்படியிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துப்போய், பொழுதுபட எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, ஒரு துளை விடாமல் ஊற்றினேன்.

அந்தமுறை கத்தரி நன்றாகத்தான் பூத்தது. பிஞ்சு பிடிக்காமல் பெரும்பாலான பூக்கள் உதிர்ந்தன. காரணம் தேடிய ஐயா அக்காவிடம் வந்து நின்றார். மாதவிலக்கு நாளில் அவள் பாத்திக்குள் இறங்கியிருந்தாளாம்.

"துடக்கோட உள்ளுக்கு இறங்கினால் பூ நிக்குமே? இனித் தோட்டப் பக்கம் வரப்படாது!"

கத்தரிப்பூ மகரந்தத்தைக் குழாய்க்குள் பூட்டி வைத்திருக்கும், அப்படி உலுக்கும் தேனீ வந்தால்தான் அது நன்றாகக் கொட்டும் என்பதை நான் பிற்காலத்தில் விஞ்ஞான ஆசிரியையாகி எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை.

இப்போது அதே காணியில் அக்கா கத்தரி வைத்திருக்கிறாள். கிழமைதோறும் பூச்சிமருந்தடிக்கிறார்கள், கிணற்றடி முழுவதும் சீமெந்து. போன மாதம் போயிருந்தபோது ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், பச்சைத் தேனீ ஒன்றுகூட வரவில்லை. உதிர்ந்த பூக்கள்தான் கிடந்தன. அக்காவின் மகள் வேலிக்கு வெளியே நின்றாள்.

"இவள் போன கிழமை துடக்கோட இறங்கிப்போட்டாள்," என்றாள் அக்கா.

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அண்டைக்குப் பூ விழுந்தது உங்களாலை இல்லை அக்கா. பூவை உலுக்கிக் காய் பிடிக்க வைக்கிறதே அந்த வேர்வைப் பூச்சியள்தான். நான்தான் மண்ணெண்ணெய் ஊத்திச் சாக்காட்டினனான்."

அக்கா குனிந்து உதிர்ந்த பூ ஒன்றை எடுத்தாள்.

"ஐயா சாகுமட்டும் என்னை ஒரு கண்டு நட விடேல்லை," என்றாள். "அவர் இருக்கேக்க சொல்லியிருக்கலாமே?"

வேலிக்கு வெளியே நின்ற மகளை அவள் அப்போதும் உள்ளே கூப்பிடவில்லை.