மாரு வலிச்சா நிக்கணும்

சனிக்கிழமை காலை மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது எங்கள் தலைமையாசிரியர் போனில் அழைத்தார். "எங்கம்மா இருக்கே? முதல்ல எங்கியாவது உக்காரு" என்றார். உட்கார இடமில்லை. செல்வராணி டீச்சர் அன்று காலை, தன் வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலேயே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மாரடைப்பு. வயது நாற்பத்தாறு. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர், நான் தமிழாசிரியர். மூன்று வருடங்கள் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய் வந்தோம். என்னைத் 'தமிழம்மா' என்றுதான் அழைப்பார். நான் புத்தகத்தை விரித்தால் பேச்சை நிறுத்திவிடுவார். மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

நான் சேர்ந்த வருடம் காலை வழிபாட்டின்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளைகள் ஓடுவதும் குதிப்பதும் நின்றுபோகிறது என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கு ஆட்டோ, வீட்டுக்குப் போனால் போன். விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடம் பிடுங்கிக்கொள்ளும். வாரத்தில் மூன்று நாள், முதல் மணிக்கு முன்னால், ஏரியோர மணலில் ஓட்டம் என்று அறிவித்தார். முதல் நாள் இரண்டே பேர் வந்தார்கள். அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த கௌசல்யாவின் அம்மா முனியம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். "நாள் முழுக்க இடுப்பளவு தண்ணில எறா தடவுறோம். இதுக்கு மேல இன்னாத்துக்கு ஓடணும்?" என்றார்.

"நீ எறா தடவுறக்கா. உம்பொண்ணு போனைத் தடவுது."

முனியம்மா சிரித்துவிட்டார். அடுத்த ஓட்டத்துக்குக் கௌசல்யா வந்தாள். வருடம் முடிவதற்குள் இருபத்தாறு பேர் ஆனார்கள்.

ஒவ்வொரு நாளும் விசில் ஊதுவதற்கு முன் ஒரே விஷயத்தைச் சொல்வார்: "மூச்சு வாங்குனா பயப்படாதீங்க, மெதுவா ஓடுங்க. மாரு வலிச்சா நிக்கணும். எங்கிட்ட வந்து சொல்லணும். வெக்கப்படக் கூடாது." பிறகு அவரும் கூடவே ஓடுவார். முதலில் வந்தவளை அவர் பாராட்டியதாக நினைவில்லை. கடைசியில் வருபவளிடம், "நேத்து நாலு தடவ நின்னே. இன்னிக்கு ரெண்டே தடவதான்" என்பார். என்னிடம், "கண்ணாடி போட்ட கொக்கு மாதிரி கரைல நிக்காதே, தமிழம்மா" என்பார். நான் ஒருநாளும் ஓடவில்லை.

அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, பிள்ளைகளை மாவட்ட ஓட்டப்போட்டிக்குத் தயார்செய்துகொண்டிருந்த சமயம், பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகமெல்லாம் வியர்வை. இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"போட்டி முடியட்டும், போறேன். இது தெரிஞ்சா நாளைக்கு ஒரு பொண்ணும் வராது. யார்கிட்டயும் சொல்லாதே."

சொல்லவில்லை. கேட்டதை எனக்குள் வைத்துக்கொள்வது என் பழக்கம். அதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். ரயில் நிலையத்தில் என்னைப் பிடித்த பயம் இதுதான்.

ஞாயிறன்று அடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை அம்மாக்கள் பள்ளிக்குத் திரண்டு வந்தார்கள்.

"ஓடி ஓடியே செத்துச்சாமே டீச்சரு!"

"எம்பொண்ணு பேர அடிச்சிடு சார். உசுரோட இருந்தா போதும்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"ஓட்டத்தால இல்லைங்க. ரத்தக்குழாயில ரொம்ப நாளா அடைப்பு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு வாரம் முன்னாடியே வலி வந்தது. வலிச்சா நிக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொன்னவங்க, தான் மட்டும் நிக்கல. எனக்குத் தெரியும். நானும் சொல்லல."

"தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். படகும் வலையும் கரையில் கிடக்கும். பால் தெளித்த மறுநாள் இறங்கிவிடுவார்கள். அதைச் சொல்லித்தான் முனியம்மா எழுந்தார்.

"எங்க வூட்டுக்காரரு இந்த ஏரிலதான் போனாரு. பால் தெளிச்ச மறுநாளு அதே தண்ணில நான் இறங்கல? காலு நடுங்கிச்சி. இறங்கினேன். டீச்சருக்கு இன்னிக்கிப் பால் தெளிச்சாச்சி." பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கி நீ ஓடுவியா? நீ ஓடுனா எம்பொண்ணு வரும். கரைல நின்னு கை காட்டறதுன்னா வேணாம்."

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு பேர் வந்தார்கள். டீச்சரின் விசில் என் கழுத்தில் கிடந்தது. அவர் சொல்வதைச் சொல்லத் தொடங்கினேன். 'மாரு வலிச்சா' என்பதோடு நின்றுவிட்டேன். மீதியைப் பிள்ளைகளே சொல்லி முடித்தார்கள்.

"பயமா இருக்கா டீச்சர்?" என்றாள் கௌசல்யா.

"ஆமா."

"எங்களுக்கும்தான்."

விசில் ஊதினேன். ஓடினோம். ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் முனியம்மா, இறால் கூடையைக் கையில் பிடித்தபடி, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது. வலிக்கிறதா, வலிக்கிறதா என்று நெஞ்சைக் கவனித்துக்கொண்டே ஓடினேன். வலிக்கவில்லை. வலித்திருந்தால் நின்றிருப்பேன், டீச்சர். நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

போய் வாருங்கள்.